கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள்: வயரா, ஸ்க்ரூவா? உறுதி எங்கிருந்து வருகிறது?



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் மனுக்களில் இருதயம், சிறுநீரகம், பிரசவம் ஆகியவைதாம் அதிகம். எப்போதாவது கழுத்தெலும்பு அறுவை சிகிச்சைக்கான மனு ஒன்று வரும். அப்படி வரும்போது குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கழுத்துப் பெல்ட் போட்டால் போதாதா? ஸ்க்ரூ போட்டால் தலை திரும்புமா? தொழ முடியுமா? உதவி தரும் அன்பர்கள் கேட்பது வேறு. வயர் போட்டுக் கட்டினால் செலவு குறைவுதானே, விலை கூடிய ஸ்க்ரூவுக்கு ஏன் பணம் கொடுக்கிறீர்கள்?

இவை நியாயமான கேள்விகள். பைத்துல்மால் பணம் அமானிதம். எதற்குக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கோ இது பணத்தைவிடப் பெரிய காரியம். கையொப்பமிடும் தகப்பனாருக்குத் தாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது விளங்க வேண்டும். ஆகவே இந்த இதழின் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு நோயாளிக்கும் எது பொருந்தும் என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்வார். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள இந்தப் பாடம் உதவும்.

திரிகையும் கழுத்தும்

கழுத்தில் ஏழு எலும்புகள் உண்டு. கீழேயுள்ள ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஜாடையில் இருக்கும். மேலேயுள்ள இரண்டும் அமைப்பில் முற்றிலும் வேறானவை. முதல் எலும்பு ஒரு வளையம். அதற்கு அட்லஸ் என்று பெயர். தலை அதன்மேல் அமர்ந்திருக்கிறது. இரண்டாவது எலும்பு ஆக்சிஸ். அதிலிருந்து ஒரு முளை, பல் போல, மேல்நோக்கி நிற்கும்.

நம் வீடுகளில் முன்பு உளுந்து உடைத்த திரிகையை நினைத்துப் பாருங்கள். அடிக்கல்லின் நடுவில் முளை இருக்கும், மேற்கல் அந்த முளையைச் சுற்றிச் சுழலும். நம் கழுத்தும் அப்படித்தான். ஆக்சிஸின் முளையைச் சுற்றி அட்லஸ் வளையம் தலையையும் சுமந்துகொண்டு திரும்புகிறது. முளை பின்னால் நழுவாதபடி ஒரு குறுக்கு நார்ப்பட்டை அதை வளையத்தின் முன்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பட்டைக்குப் பின்னால் தண்டுவடம் இறங்குகிறது.

தலையை ஆட்டி ‘ஆமாம்’ என்கிறோமே, அந்த அசைவில் பெரும்பங்கு தலைக்கும் அட்லஸுக்கும் இடையில் நடக்கிறது. ‘இல்லை’ என்று இருபுறமும் திருப்புகிறோமே, அதில் ஏறத்தாழ பாதி அட்லஸுக்கும் ஆக்சிஸுக்கும் இடையில் நடக்கிறது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 40 டிகிரி. தொழுகையின் முடிவில் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுக்கும்போது நாம் திருப்பும் திருப்பத்தில் பாதி இந்த ஒரே இணைப்பிலிருந்து வருகிறது.

இவ்வளவு திரும்பும் இணைப்புக்குக் கீழ்முதுகில் இருப்பது போன்ற கனத்த எலும்புப் பூட்டு கிடையாது. அசைவு வேண்டுமென்பதற்காக இங்கே எலும்பின் பூட்டு தளர்த்தப்பட்டு, பிடிப்பு முழுவதும் நார்ப்பட்டைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் எத்தனை நுட்பம்! அதனால்தான் பட்டை அறுந்தாலோ முளை முறிந்தாலோ ஆபத்து பெரிதாகிறது.

பிடி எப்போது விடுகிறது?

முதலாவது, விபத்து. மரத்திலிருந்து விழுதல், இருசக்கர வண்டி விபத்து, ஆழம் தெரியாமல் கிணற்றிலோ அணையிலோ தலைகீழாகக் குதித்தல். வயதானவர்களுக்கு இவ்வளவு வேகம்கூட வேண்டாம். குளியலறையிலோ ஹவுளின் ஓரத்திலோ வழுக்கி விழுந்து நெற்றி அடிபட்டாலே முளை முறியலாம். 70 வயதைத் தாண்டியவர்களின் கழுத்தெலும்பு முறிவுகளில் அதிகம் காணப்படுவது இந்த முளை முறிவுதான். “நெற்றியில்தானே அடி” என்று நெற்றிக்கு மட்டும் தையல் போட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

முளை முறிவை 1974 இல் ஆண்டர்சன், டி’அலோன்சோ ஆகிய இரு அமெரிக்க மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். நுனி முறிவது முதல் வகை. முளையின் அடித்தண்டு முறிவது இரண்டாம் வகை. கீழே எலும்பின் உடற்பகுதிக்குள் இறங்கி முறிவது மூன்றாம் வகை. மூன்றாம் வகை பெரும்பாலும் அசையாமல் வைத்தால் கூடிவிடும். இரண்டாம் வகை கூடாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம், முதியவர்களுக்கு இன்னும் அதிகம்.

இரண்டாவது, பிறவிக் கோளாறு. முளை சரியாக வளராமல் இருப்பது, அட்லஸ் மண்டையோட்டோடு ஒட்டியே பிறப்பது போன்றவை. நம் நாட்டில் இவ்வகை நோயாளிகள் கணிசமாக உண்டு. பம்பாயின் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா 1967 லேயே இத்தகைய 28 நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார். பிள்ளை அடிக்கடி தடுக்கி விழும், நடை தள்ளாடும், பித்தான் போடக் கை தடுமாறும், பிடரியில் வலி இருக்கும். பலவீனம் என்று டானிக் கொடுத்துக்கொண்டே ஆண்டுகள் போய்விடும்.

மூன்றாவது, நோய். நாள்பட்ட முடக்குவாதம் அந்தக் குறுக்குப் பட்டையை அரித்துவிடும். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, இந்த எலும்புகளையும் தாக்கும்.

பிடி விட்டதா என்பதைக் கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுத்த எக்ஸ்ரேயிலும், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் பார்ப்பார்கள். முளைக்கும் வளையத்தின் முன்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ., குழந்தைகளுக்கு 5 மி.மீ. என்ற அளவைத் தாண்டினால் சந்தேகம். வளையத்துக்குள் உள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முளைக்கு, ஒரு பங்கு தண்டுவடத்துக்கு, ஒரு பங்கு வெற்றிடம் என்று மருத்துவ மாணவர்கள் பாடமாகப் படிப்பார்கள். அந்த வெற்றிடம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அது தீர்ந்தால் தண்டுவடம் நசுங்கும். கைகால் நான்கும் செயலிழக்கலாம், மூச்சே நிற்கலாம்.

உறுதி என்றால் என்ன?

கம்பியைத் தொட்டுப் பார்த்து “கெட்டியாக இருக்கிறது” என்று சொல்வது உறுதி ஆகாது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொறியியல் அறிஞர் மனோகர் பஞ்சாபி, மருத்துவர் அகஸ்டஸ் வைட்டுடன் சேர்ந்து 1978 இல் முதுகெலும்பின் இயக்கவியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: அன்றாட வாழ்வின் பாரங்களைத் தாங்கும்போது, தண்டுவடத்துக்கும் நரம்புக்கும் சேதம் வராத அளவுக்கு, கோணலோ முடக்கும் வலியோ ஏற்படாத அளவுக்கு எலும்புகளின் நகர்வைக் கட்டுக்குள் வைப்பதே உறுதி.

ஆகவே கேட்க வேண்டியது, எந்தத் திசையில் எவ்வளவு அசைகிறது என்பது. முன்பின் வளைவு ஒன்று. பக்கவாட்டுச் சாய்வு ஒன்று. திருப்பம் ஒன்று. இவற்றோடு எலும்பு முன்னும் பின்னும் சறுக்குவதும் உண்டு. ஒரு முறை ஒரு திசையில் நன்றாகத் தடுக்கும், இன்னொரு திசையில் விட்டுவிடும்.

இதை எப்படி அளக்கிறார்கள்? இறந்தபின் உடலைத் தானம் செய்தவர்களின் கழுத்தெலும்புகளை, நார்ப்பட்டைகள் கெடாமல் எடுத்து, ஒரு சட்டத்தில் பொருத்துகிறார்கள். பிறகு சிறிய முறுக்கு விசை கொடுக்கிறார்கள். வழக்கமாகக் கொடுப்பது சுமார் 1.5 நியூட்டன் மீட்டர். ஒரு சாண் நீளக் குச்சியின் முனையில் சுமார் 650 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அடியில் உண்டாகும் முறுக்கு அவ்வளவுதான். எலும்பை முறிக்காமல் அசைவை மட்டும் பார்ப்பதற்கு அது போதும். முதலில் நல்ல நிலையில் எத்தனை டிகிரி அசைகிறது என்று அளப்பார்கள். பிறகு பட்டையை அறுத்தோ முளையை வெட்டியோ, பிடி விட்ட நிலையில் அளப்பார்கள். கடைசியாக வயரோ ஸ்க்ரூவோ பொருத்தி அளப்பார்கள். சில சோதனைகளில் ஆயிரக்கணக்கான முறை அசைத்து, நாளடைவில் தளர்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சட்டத்தில் இருக்கும் எலும்புக்குத் தசை இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, எலும்பு கூடுவதும் இல்லை. அறுவை முடிந்த அன்றைய உறுதியைத்தான் அது சொல்லும். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துத்தான் அறிய முடியும்.

பட்டு நூலிலிருந்து ஸ்க்ரூ வரை

1910 இல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், ஆஸ்குட் என்ற இரு மருத்துவர்கள் அட்லஸையும் ஆக்சிஸையும் கனத்த பட்டு நூலால் சேர்த்துக் கட்டினார்கள். இந்த இடத்தைக் கட்டி நிறுத்தலாம் என்ற எண்ணத்துக்கு அது ஓர் ஆரம்பம்.

1939 இல் கனடாவின் கேலி, பின்பக்கம் நடுவில் ஒரு வயர் சுற்றி, அதன் கீழ் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டு ஒன்றை வைக்கும் முறையைச் சொன்னார். பந்தல் மூங்கில் இரண்டை நடுவில் ஒரே கயிற்றால் கட்டினால் என்ன ஆகும்? முன்னால் சாயாது, ஆனால் கட்டு ஒன்றே என்பதால் முறுக்கினால் திரும்பும். கேலி முறையும் அப்படித்தான். முன்வளைவை நன்றாகத் தடுக்கும், திருப்பத்தையும் பின்சறுக்கலையும் சரியாகத் தடுக்காது.

1978 இல் புரூக்ஸ், ஜென்கின்ஸ் இருவரும் வலம் ஒன்று இடம் ஒன்றாக இரண்டு எலும்புத் துண்டுகளை வைத்து இருபுறமும் வயர் சுற்றினார்கள். கட்டு இரண்டானதால் திருப்பம் குறைந்தது. ஆனால் வயரை இரண்டு எலும்புகளின் வளைவுக்கும் அடியில், தண்டுவடத்தை ஒட்டிய இடத்தில் கோத்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆபத்து கூடுதல்.

வயர் முறைகளின் இன்னொரு சிரமம் வெளிப்பிடி. தலையில் வளையம் பொருத்தி உடலில் சட்டை போல் மாட்டும் ஹேலோ என்ற கருவியை 1959 இல் அமெரிக்காவின் பெர்ரி, நிக்கல் இருவரும் அறிமுகம் செய்தார்கள். வயர் போட்டவர்கள் பலர் எலும்பு கூடும்வரை பல வாரங்கள் அதையோ அதைப் போன்றதையோ அணிந்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊர் வெயிலில், அதுவும் ஒரு முதியவருக்கு, அது லேசான காரியம் இல்லை. மென்மையான கழுத்துப் பெல்ட் அந்த வேலையைச் செய்யாது. மேல் இணைப்பின் திருப்பத்தை அதனால் தடுக்க முடியாது.

அடுத்த மாற்றம் சுவிட்சர்லாந்தின் மாகர்ல் கொண்டுவந்தது. ஆக்சிஸின் பின்புறத்திலிருந்து மூட்டைக் கடந்து அட்லஸுக்குள் செல்லும் ஸ்க்ரூ, பக்கத்துக்கு ஒன்று. இந்த முறை 1987 இல் பிரசுரமானது. கட்டுவதற்குப் பதிலாக மூட்டையே ஊடுருவிப் பூட்டியது இது. 1992 இல் குரோப், பஞ்சாபி முதலியோர் நான்கு முறைகளை மேற்சொன்ன சோதனையில் ஒப்பிட்டார்கள். கேலி வயரில் திருப்பம் மற்ற மூன்றையும்விடக் கூடுதலாக இருந்தது. மாகர்ல் ஸ்க்ரூவில் மிகக் குறைவாக இருந்தது.

ஆனால் ஸ்க்ரூ செல்லும் வழிக்கு அருகில்தான் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி வளைந்து செல்கிறது. சிலருக்கு அந்த வளைவு மிக உயரமாக இருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு பக்கமாவது இந்த ஸ்க்ரூவைப் பத்திரமாகப் போட முடியாது. மேலும் நழுவிய எலும்பை முதலில் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த ஸ்க்ரூவைப் போட முடியும். பிறவி நழுவலில் அது எளிதல்ல.

பம்பாயிலிருந்து உலகுக்கு

இந்த இடத்தில்தான் நம் நாட்டு மருத்துவம் உலகுக்கு ஒன்றைக் கொடுத்தது. பம்பாய் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையில், ஏழை மக்கள் வரிசையில் நிற்கும் அந்தப் பொது மருத்துவமனையில், டாக்டர் அதுல் கோயல் 1988 முதல் வேறொரு முறையைக் கையாண்டார். மூட்டைக் கடந்து நீண்ட ஸ்க்ரூ போடாமல், அட்லஸின் இரு பக்கக் கனத்த பகுதிகளிலும் ஆக்சிஸிலும் தனித்தனியே ஸ்க்ரூ போட்டு, மேலும் கீழுமான ஸ்க்ரூக்களை ஒரு பிளேட்டால் இணைத்தார். மூட்டையே திறந்து, அதன் குருத்தெலும்பை நீக்கி, எலும்புத் துகளை நிரப்பினார். டாக்டர் லஹேரியுடன் சேர்ந்து 1994 இல் இதைப் பிரசுரித்தார். 2002 இல் 160 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்.

ஜெர்மனியின் ஹார்ம்ஸ், மெல்ஷர் இருவரும் 2001 இல் இதே அடிப்படையில், பல திசையில் திரும்பும் தலையுள்ள ஸ்க்ரூவும் பிளேட்டுக்குப் பதிலாக ராடும் கொண்ட வடிவத்தை எழுதினார்கள். இன்று உலகெங்கும் இது கோயல்–ஹார்ம்ஸ் முறை எனப்படுகிறது.

நான்கு கால் கட்டிலைப் போல நான்கு ஸ்க்ரூக்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எலும்பின் கனத்த பகுதிக்குள் ஆழமாக இறங்குகிறது. சுழலும் அச்சிலிருந்து விலகி இருபுறமும் பிடிப்பதால் திருப்பத்தை வலுவாகத் தடுக்கிறது. 2002 இல் வெளியான சோதனையில் இது மாகர்ல் முறைக்கு நிகரான உறுதியைக் காட்டியது. கேலி வயர் இரண்டுக்கும் பின்தங்கியது. இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்க்ரூக்களைப் போட்ட பிறகு அவற்றையே பிடியாக வைத்து, நழுவிய எலும்பை இடத்துக்குக் கொண்டுவரலாம்.

தமனி வழிவிடாதவர்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. ஆக்சிஸின் பின்வளைவுக்குள் குறுக்காக, ஒன்றையொன்று கடக்கும்படி ஸ்க்ரூ போடும் முறையை அமெரிக்காவின் ரைட் 2004 இல் எழுதினார். முன்பின் வளைவில் உறுதி நன்று. பக்கவாட்டுச் சாய்வில் சில சோதனைகளில் சற்றுக் குறைவு. தமனிக்கு ஆபத்து இல்லாமல் கிடைக்கும் உறுதி என்பதால் அது ஏற்கத்தக்கதே.

முன்பக்கமாகப் போடும் ஒரு ஸ்க்ரூவும் உண்டு. இரண்டாம் வகை முளை முறிவில், முறிவு புதிதாக இருந்து, குறுக்குப் பட்டை அறாமல் இருந்து, எலும்பும் நல்ல கனத்தில் இருந்தால், முளைக்குள்ளேயே கீழிருந்து மேலாக ஸ்க்ரூ செலுத்தி முறிந்த துண்டை இழுத்துச் சேர்ப்பார்கள். இதில் அட்லஸும் ஆக்சிஸும் ஒன்றாக்கப்படுவதில்லை. ஆகவே தலை திரும்பும் இயக்கம் காப்பாற்றப்படுகிறது. தாமதித்து வந்தால் இந்த வாய்ப்பு கைநழுவும். இதற்கு நேர்மாறாக, அட்லஸைப் பயன்படுத்தவே முடியாத நிலையில் மண்டையோட்டையும் சேர்த்துப் பிணைக்க நேரும். அப்போது ‘ஆமாம்’ என்னும் அசைவும் போய்விடும்.

உலோகம் தாங்கும், எலும்பு காக்கும்

ஸ்க்ரூவும் ராடும் நிரந்தரத் தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். கான்கிரீட் தளம் போடும்போது சென்ட்ரிங் அடிக்கிறோம். தளத்தைக் கடைசிவரை தாங்குவது சென்ட்ரிங் அல்ல, இறுகிய கான்கிரீட்தான். கழுத்திலும் அதுவே. உலோகம் சில மாதங்கள் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குள் இரண்டு எலும்புகளும் கூடி ஒன்றாக வேண்டும். கூடிவிட்டால் பாரம் எலும்புக்குப் போய்விடும். கூடாவிட்டால், ஓயாத அசைவில் எந்த உலோகமும் ஒருநாள் தளரும் அல்லது உடையும்.

இதனால் இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. ஒன்று, முதல் நாளிலிருந்தே அசைவை மிகக் குறைவாக வைக்கும் முறை எலும்பு கூடுவதற்கு உதவுகிறது. இரண்டு, எவ்வளவு நல்ல ஸ்க்ரூவாக இருந்தாலும் நோயாளியின் பங்கும் வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். கட்டுப்படாத சர்க்கரை புண்ணையும் எலும்பையும் கெடுக்கும். மருத்துவர் சொன்ன நாள்வரை காலரைக் கழற்றாமல் இருப்பதும், மறுபரிசோதனைக்குத் தவறாமல் போவதும் சிகிச்சையின் பகுதியே.

அன்பர்களின் கேள்விக்கு நம் பதிலும் இதிலிருந்தே வருகிறது. விலை கூடியது என்பதற்காக ஸ்க்ரூவுக்கு நாம் உதவுவதில்லை. பல நோயாளிகளுக்கு அது திருப்பத்தைத் தடுக்கிறது, நீண்ட நாள் ஹேலோவைத் தவிர்க்கிறது, மறு அறுவையின் வாய்ப்பைக் குறைக்கிறது. வயர் இன்றும் பயனற்றதாகிவிடவில்லை. ஸ்க்ரூவுக்குத் துணையாகவும், ஸ்க்ரூ போட முடியாத எலும்பிலும் அது பயன்படுகிறது. வயர் போதும் என்று மருத்துவர் காரணத்தோடு சொன்னால் அதற்கும் அதே மனதோடு உதவுவோம். செலவைக் குறைப்பதற்காக நோயாளிக்குப் பொருந்தாத முறையைக் கேட்கும்படி எந்தக் குடும்பத்தையும் நாம் தூண்ட மாட்டோம்.

தொழுகையும் அன்றாட வாழ்வும்

அட்லஸும் ஆக்சிஸும் பிணைக்கப்பட்டால் தலை திரும்பும் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீதிப் பாதி கீழ்க்கழுத்திலிருந்து வரும், தோளையும் உடலையும் சேர்த்துத் திரும்பப் பழகிக்கொள்வார்கள். வண்டி ஓட்டுபவர்கள் பின்னால் பார்க்கச் சிரமப்படுவார்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஓட்டக் கூடாது.

ஸலாம் கொடுக்கும்போது முகத்தைத் திருப்புவது சுன்னத். இயன்ற அளவு திருப்பினால் போதும். ருகூஉ இடுப்பிலிருந்து குனிவதால் பலருக்குச் சிரமம் இருக்காது. ஸஜ்தாவைப் பற்றி அறுவை செய்த மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அவர் அனுமதிக்கும்வரை உட்கார்ந்து சைகையால் தொழலாம், ஸஜ்தாவுக்கு ருகூஉவைவிடச் சற்றுக் கூடுதலாகக் குனிவதே முறை. அதுவும் முடியாதவர் படுத்த நிலையில் தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளியின் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். “தொழ முடியாமல் போய்விடும்” என்று அஞ்சி அறுவையைத் தள்ளிப்போடுவது சரியல்ல. தண்டுவடம் நசுங்கினால் இழப்பது அதைவிடப் பல மடங்கு.

மலையிலிருந்து மருத்துவமனை வரை

எல்லாச் சிகிச்சைக்கும் முந்தியது முதல் ஒரு மணி நேரம். கல்வராயன் மலையில் மரமேறுபவர்களும், வளைந்திறங்கும் சாலையில் வண்டி ஓட்டுபவர்களும் விழுவது உண்டு. விழுந்தவரைத் தூக்கி இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருகிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் முளை முறிந்திருந்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் தண்டுவடத்தை நெருக்கும்.

செய்ய வேண்டியவை இவை:

1. கழுத்து வலி, கைகால் மரத்தல், மயக்கம், தலையில் காயம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்து அடிபட்டதாகவே எண்ணுங்கள்.

2. உடனே 108 ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்தச் சேவை இலவசம்.

3. ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடிக்கட்டும். இழுக்கவோ திருப்பவோ நிமிர்த்தவோ கூடாது.

4. நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு ஒரே கட்டையாகப் புரளும்படி பலகைக்கு மாற்றுங்கள். தலையின் இருபுறமும் துணியைச் சுருட்டி வையுங்கள். சாலை இல்லாத ஊரிலிருந்து டோலியில் கொண்டுவந்தாலும் உள்ளே பலகை இருக்கட்டும். துணித்தொட்டிலில் கழுத்து மடங்கும்.

5. உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டாதீர்கள். வாந்தி எடுத்தால் உடலோடு சேர்த்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

6. கழுத்துப் பிடிப்பு என்று நீவிவிடுவதும், முடிதிருத்தும் இடத்தில் தலையைப் பிடித்துச் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். நல்ல கழுத்துக்கே அது கெடுதல் செய்யலாம், தளர்ந்த கழுத்துக்கு உயிராபத்து.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 இல் தனி மாவட்டமானது. நமது அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 இல் திறந்துவைக்கப்பட்டது. முதல் சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் அங்கே செல்லலாம். மேல்சிகிச்சைக்குச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுவை ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்கள் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை டாக்டர் ஜேக்கப் சாண்டியால் 1949 இல் தொடங்கப்பட்டது வேலூரில்தான். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார்.

சாலை விபத்தானால், 2021 டிசம்பர் 18 இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசுச் செலவில் கிடைக்கும். அடிபட்டவர் எந்த ஊராரானாலும் சரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்தபின் அலைவது கடினம்.

கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் அடக்கத்தோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். எந்த எலும்புகளைப் பிணைக்கப் போகிறீர்கள்? மண்டையோடும் சேருமா? வயரா, ஸ்க்ரூவா, இவருக்கு அது ஏன் பொருத்தம்? சி.டி. ஸ்கேனில் தமனி செல்லும் வழியைப் பார்த்தீர்களா? எலும்பு கூடுவதற்கு எங்கிருந்து எலும்பு எடுப்பீர்கள்? காலரோ ஹேலோவோ எத்தனை வாரம்? அறுவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவ உதவி மனுவோடு அந்தத் தாளையும் ஸ்கேன் அறிக்கையையும் இணைத்தால் நம் குழு தாமதமின்றி முடிவெடுக்க உதவியாக இருக்கும். மனு கொடுப்பவர் எந்தச் சமூகத்தவர் என்று நாம் பார்ப்பதில்லை. மலைவாழ் சகோதரர்களுக்கும் இந்தச் செய்தியை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுந்தால், ஒரு பெரியவர் விழுந்தபின் “கழுத்து வலிக்கிறது” என்று இரண்டாம் நாளும் சொன்னால், அதை லேசாக விடாதீர்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முயற்சி நம்முடையது, ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண நலம் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
மருத்துவ உதவிக் குழுவுக்காக